ஆகாதவர் வீட்டில் விசாரிக்கிறவள்

என் மனைவி சௌந்திரத்தைப் பற்றி நானே எழுதினால் பெண்டாட்டிதாசன் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வாலிபம் முழுக்க நேஷனல் பர்மிட் லாரி ஓட்டி, முதுகு மக்கர் பண்ணியதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நாமக்கல்லில் வந்து உட்கார்ந்தவன் நான். லாரி ஓனர், கோழிப்பண்ணை முதலாளி, வக்கீல், கட்சிக்காரர் என்று கெட்டிக்காரர்கள் பலரைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தர்கூட இவள் கால்தூசிக்கு ஆகமாட்டார். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஊருக்கெல்லாம் அவள் சேலைக்காரம்மா. நெசவு ஊரான இளம்பிள்ளைக்குப் போய்ச் சேலை எடுத்து வந்து, ராசிபுரத்திலிருந்து மோகனூர் வரைக்கும் வீடுவீடாகத் தவணைக்குக் கொடுக்கிறாள். நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன், அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். நாலு சேலையைப் பிரித்துப் போட்டால் பெண்கள் வாயைத் திறப்பார்கள். மருமகள் கொடுமையும் மாமியார் கொடுமையும் தானாக வந்து விழும். அப்படித்தான் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த ஒரு அம்மாள், “நீ அந்த ஊருக்கெல்லாம் போறியே, அந்தப் பையன் எப்பிடின்னு கேட்டுட்டு வா” என்று சொல்ல, இவளும் கேட்டு வந்து சொன்னாள். பையனுக்கு வேறொரு ஊரில் குடும்பமே இருந்தது. அன்றிலிருந்து சேலை பாதி, மாப்பிள்ளை விசாரிப்பு பாதி என்று அவள் தொழில் இரண்டாகிவிட்டது.

எங்கள் பக்கத்து விசாரிப்பில் ஒரு கோளாறு உண்டு. நாங்கள் மாப்பிள்ளையை விசாரிப்பதில்லை, வீட்டை விசாரிப்போம். காடு தோட்டம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் நிற்குமா, குலதெய்வம் எது, பாட்டன் எப்படிப்பட்டவர், இதெல்லாம் கேட்டு முடித்தபின் போனால் போகிறதென்று பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அதையும் அந்த வீட்டுக்கு வேண்டியவர்களிடமே கேட்போம். வேண்டியவன் என்ன சொல்வான்? தங்கமான பையன் என்பான். அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் பக்கம் மறந்தும் போகமாட்டோம். பகையாளி வாசலை மிதித்தால் சம்பந்தமே முறிந்துவிடும் என்று பயம். மாமன் மச்சான் சண்டை இல்லாத வீடு இங்கே ஏது? அதனால் யாராவது “அவங்க கூட எங்களுக்குப் பேச்சில்லைங்க” என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார். அது மரியாதை.

சௌந்திரம் அந்த மரியாதையைக் காற்றில் விட்டவள். அவள் முதலில் போவதே ஆகாதவர் வீட்டுக்குத்தான். என்னைக் கட்டுவதற்கு முன்பும் அதையே செய்தாள். எங்கள் பங்காளி ஒருவரோடு கிணற்றுப் பாத்தியதைக்காக எங்களுக்குக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண் அவரிடமே போய் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவர், “சுப்பையன் சோம்பேறி, வாயாடி. ஆனா பொய் சொல்லத் தெரியாதவன்” என்றாராம். இவளுக்கு அது போதுமென்று பட்டிருக்கிறது. அந்தப் பங்காளி சொன்னதில் எது சரி, எது தப்பு என்று நான் இங்கே விவாதிக்கப் போவதில்லை.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. விசாரிக்கச் சொன்னது யாராக இருந்தாலும், தெரிந்ததை முதலில் பெண்ணிடம்தான் சொல்வாள். அப்பனிடமோ அண்ணனிடமோ அல்ல. வாழப் போகிறவள் அவள்தானே என்பாள். இந்த ஒரு நிபந்தனையால் பல வீடுகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

போன தை மாதம் கௌசிக் எங்கள் வீட்டுக்கு வந்தான். மோகனூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிற பையன். அவனுடைய தாய்மாமன் குமரகுரு, கரும்பும் வாழையும் வைத்திருக்கிற பெரிய விவசாயி. அவர் மகள் பிரீத்தி எம்.எஸ்ஸி. படித்தவள். கௌசிக்குக்கு அவள் முறைப்பெண். சின்ன வயதிலிருந்து அவளை நினைத்துக்கொண்டிருக்கிறான், அவளோ நினைத்ததில்லை. இப்போது அவளுக்கு வேறு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. உப்புச் சர்க்கரை மாற்ற நாளும் குறித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் உப்பும் சர்க்கரையும் கைமாறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் யாரும் பின்வாங்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை பெயர் நவீன்குமார். கெங்கவல்லிப் பக்கத்துக் காளியண்ணனின் ஒரே மகன். காளியண்ணனுடைய பாட்டன் பரமத்தியிலிருந்து அங்கே போய்க் காடு வாங்கிக் குடியேறியவர். பையன் ஆறாம் வகுப்பிலிருந்து நாமக்கல்லில் ஹாஸ்டல் பள்ளி, பிறகு வெளிமாநிலத்தில் காலேஜ், பிறகு நியூசிலாந்தில் வேலை. கொரோனா சமயத்தில் அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். விமானம் இல்லாததால் பையனால் வர முடியவில்லை. இப்போது ஊரோடு வந்துவிட்டதாகச் சொல்லி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மாடி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறான். இதெல்லாம் தரகர் அருணகிரி சொன்னது.

குமரகுரு காரை எடுத்துக்கொண்டு கெங்கவல்லிக்குப் போய்த் தானே விசாரித்திருக்கிறார். காளியண்ணன் வீடா, நல்ல வீடு, ஒரே பையன், வெளிநாட்டில் இருக்கிறான், மகாலட்சுமி மாதிரி அம்மா என்று டீக்கடையிலும் கோயிலிலும் எல்லோரும் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் மனிதர் பையனின் போட்டோவை ஒருவரிடமும் காட்டவில்லை. போலீஸ்காரன் மாதிரி போட்டோவை நீட்டிக் கேட்டால் கௌரவம் என்னாவது? பையனை ஊர் பார்த்தும் வருடக்கணக்காகிறது. அம்மாவின் தம்பி ஒருவர் வாழப்பாடியில் இருப்பதும், நிலத் தகராறில் அவரோடு பேச்சில்லை என்பதும் மாப்பிள்ளையே முன்கூட்டிச் சொல்லிவிட்டான். குமரகுரு அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். மாமியார், நாத்தனார் என்று யாருமில்லாத இடம். மகளைப் பெற்றவருக்கு வேறென்ன வேண்டும்?

கௌசிக்குக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கோழிப்பண்ணைக்காரன் என் கண்ணுக்கு அந்த மாப்பிள்ளையின் கையும் காலும் நியூசிலாந்தில் இருந்தவனுடையதாகத் தெரியவில்லை என்றான். சௌந்திரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இதற்கு முன் என்ன பண்ணினாய் என்று கேட்டாள். பையன் தலையைக் குனிந்தான். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் பெண்டாட்டி இருக்கிறாள் என்று கோயில் விசேஷத்தில் கிளப்பிவிட்டிருக்கிறான். குமரகுரு ஆள் அனுப்பிப் பார்த்ததில் அது சுத்தப் பொய் என்று தெரிந்துவிட்டது. அன்றோடு அவனுக்கு மாமன் வீட்டு வாசல் அடைபட்டது.

“உன்னாலதான் அவன் இப்ப நல்லவனாயிட்டான்” என்றாள் சௌந்திரம். “நெசமாவே ஏதாச்சும் இருந்தாலும் இனி அந்த ஊட்டுல ஆரும் காதுல போட்டுக்க மாட்டாங்க.”

எனக்கு அந்த வேலையை எடுப்பதில் இஷ்டமில்லை. பொறாமை பிடித்தவனுக்காக அலைவானேன்? ஆனால் அவளுக்கு அந்தப் பெண் மேல் கவலை வந்துவிட்டது. ஒரு பொய்யை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டால், பக்கத்தில் நிற்கிற இன்னொரு பொய்யை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றாள். தெரிந்ததைப் பிரீத்தியிடம்தான் சொல்வேன், உன்னிடம் அல்ல என்று நிபந்தனை போட்டாள். கௌசிக் ஒத்துக்கொண்டு, மாப்பிள்ளை போட்டோவை அவள் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனான்.

நான் கெங்கவல்லிக்கு வண்டியை எடுக்கப் பார்த்தேன். அவள் வாழப்பாடி என்றாள்.

மாப்பிள்ளைக்குப் பேச்சில்லாத அந்தத் தாய்மாமன் வெங்கடாசலம் அங்கே காய்கறி மண்டி வைத்திருக்கிறார். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் இவள் நேராகப் போய், உங்கள் அக்காள் மகனோடு உங்களுக்கு என்ன சண்டை என்று கேட்டுவிட்டாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, குழம்பிப் போனார். சண்டையா, யாரோடு, நவீனோடவா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நியூசிலாந்திலிருந்து வீடியோவில் பேசுகிற பையன். போன வாரம்கூட, இங்கே ஒரு பெண் பார் மாமா என்று சொல்லியிருக்கிறான்.

சௌந்திரம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, நவீன் என்று பெண் கேட்டு வந்தவன் இவன்தான் என்று போனில் போட்டோவைக் காட்டினாள். மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இவன் எங்க பையன் இல்லம்மா. ஆனா இவனைத் தெரியும். ஜெயபிரகாசு. நவீனோட ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவன்.”

ஜெயபிரகாஷின் அம்மா அவன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அப்பா ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். லீவு விட்டால் மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் கார்களில் வருவார்கள், இவன் மட்டும் கேட்டருகில் நிற்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நல்லம்மாள், அதாவது நவீனின் அம்மா, இவனையும் சேர்த்துக் கெங்கவல்லிக்குக் கூட்டிப் போனாள். தீபாவளி, பொங்கல் எல்லாம் அங்கேதான். அந்த வீட்டின் கிணறும் காடும் குலதெய்வமும் இவனுக்கு மனப்பாடம். அதைத்தான் எடுத்து இப்போது உடுத்தியிருக்கிறான். இதைச் சொல்லும்போது வெங்கடாசலத்துக்குக் கோபம் தலைக்கேறியது. என் அக்கா கையால் சோறு தின்றவன், அவள் செத்த பிறகு அவளுக்கே மகன் என்று பொய் சொல்கிறானே என்றார். உடனே போலீசுக்குப் போக எழுந்தார். சௌந்திரம்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். போலீஸ் வந்தால் நாளைக்குப் பேர் கெடுவது அந்தப் பெண்ணுக்கு, முதலில் அவளுக்குத் தெரியட்டும் என்றாள்.

குமரகுரு வீட்டுக்குச் சேலை மூட்டையோடு போனோம். நிச்சயத்துக்குச் சேலை என்றதும் உள்ளே விட்டார்கள். அம்மா பட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அளவு ஜாக்கெட் பார்க்கிற சாக்கில் பிரீத்தியை அவள் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் வாசலில் காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பிரீத்தி அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, உங்களை அனுப்பியது கௌசிக்கா என்பதுதான். வேறு யாராவது இருந்தால் மழுப்பியிருப்பார்கள். இவள் ஆமாம் என்றாள். கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் கல்லாகிவிட்டது. வெங்கடாசலம் நிஜ நவீனோடு பேசுவதைப் போனில் காட்டட்டுமா என்றதற்கு, போனில் யாரை வேண்டுமானாலும் காட்டலாம் என்றாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. தினமும் பேசியிருக்கிறார்கள். அவன் சொன்ன கதைகளில், அம்மா கையால் சாப்பிட்ட கதையில், அவள் உருகிப் போயிருந்தாள்.

“என்னைய நம்ப வேண்டாங் கண்ணு. நீயே அவங்கிட்டக் கேட்டுப் பாரு. ‘உங்க மாமன்கூட இருக்கற சண்டைய நானே போய்த் தீத்து வெச்சு, அவரைச் சீருக்குக் கூட்டிட்டு வாரேன்’னு சொல்லு. பெத்தவங்க இல்லாத பையன் வேண்டாம்னா சொல்லப் போறான்?”

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் இல்லாத கல்யாணம் உப்பில்லாத சோறு. அந்தக் குறையைப் பெண்ணே முன்வந்து தீர்க்கிறேன் என்றால் எந்த மாப்பிள்ளைக்கும் கண் கலங்கும். பிரீத்தி அன்றே போனில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவன் முதலில் சிரித்தானாம், பிறகு பேச்சை மாற்றினானாம், கடைசியில் அந்த ஆள் வாசலில் கால் வைத்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்றானாம். அதுவரை அவன் அவளிடம் குரலை உயர்த்தியதே இல்லை. போனை வைத்ததும் அவள் சௌந்திரத்தைக் கூப்பிட்டு, வெங்கடாசலத்தின் நம்பரை வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ரத்தத்திலேயே தைரியம் உள்ள பெண். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

உப்புச் சர்க்கரை மாற்றுகிற நாள் வந்தது. வீட்டு முன்னால் பந்தல். சொந்தபந்தம் நிறைந்திருந்தது. பிரீத்தி வரச்சொன்னதால் நாங்களும் போயிருந்தோம். கௌசிக் எப்படியோ உள்ளே வந்து ஒரு தூணோரம் நின்றான், விசேஷ நாளில் வந்தவனை வெளியே போகச் சொல்ல முடியாமல் குமரகுரு பல்லைக் கடித்தார். தட்டுகளில் உப்பும் சர்க்கரையும் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வெள்ளை வேட்டியில் அம்சமாக உட்கார்ந்திருந்தான். பொய் சொல்கிறவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் அவனைப் பார்த்திருக்கவேண்டும். பெரியவர்கள் தட்டை எடுக்கப் போகும்போது பிரீத்தி உள்ளிருந்து வந்தாள். இன்னும் ஒருவர் வரவேண்டியிருக்கிறது, மாப்பிள்ளையின் தாய்மாமனை நான் கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். பந்தலில் சலசலப்பு. பகையாளியைக் கூப்பிட்டாயா என்று அப்பா அதட்டினார். அதற்குள் வெங்கடாசலம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் இரண்டடி முன்னால் போனேன். வாழப்பாடியில் பார்த்த கோபத்துக்கு அப்படித்தான் தோன்றியது. மாப்பிள்ளை அவரைப் பார்த்ததும் எழுந்தான். எழுந்தவன் ஓடவில்லை. தன்னை மறந்து, சின்ன வயதுப் பழக்கத்தில், கை கட்டி நின்றான். வெங்கடாசலம் அவன் முன்னால் போய் நின்றார்.

“ஜெயபிரகாசு, நல்லா இருக்கியா கண்ணு?”

“இருக்கேன் மாமா” என்றான் அவன்.

அந்த ஒரு பெயரும் அதற்கு வந்த பதிலும் போதுமாக இருந்தது. பந்தலில் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குமரகுரு தரகரைத் தேடினார், அருணகிரி அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பார். நாலைந்து இளவட்டங்கள் சட்டையைப் பிடிக்க எழுந்தார்கள். வெங்கடாசலம் கையைக் குறுக்கே நீட்டி அவர்களை நிறுத்தினார்.

“எங்க அக்கா உன்னையும் மகன்னுதான் சொல்லிச்சு. உன் பேர்லயே எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, நானே உனக்கு மாமனா நின்னு இந்த ஊட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்திருப்பேனே.”

அப்போதுதான் அவன் உடைந்தான். அவன் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இருந்தாலும் அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. பேரும் வீடும் மட்டும்தான் பொய், உன் மேல் வைத்த ஆசை பொய்யில்லை என்று பிரீத்தியைப் பார்த்துச் சொன்னான். அவளைக் காலேஜிலேயே பார்த்திருக்கிறான், ரிக் தொழிலாளி மகன் என்றால் குமரகுரு கேட்டுக்குள்ளேயே விடமாட்டார் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறான். பிரீத்திக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் குரல் பிசகவில்லை.

“கல்யாணத்துக்கு அப்பறம் உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன்?” என்று மட்டும் கேட்டாள். வெங்கடாசலம் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார். போலீஸ் பேச்சு எடுத்தவர்களிடம், இவனுக்கு நான் பொறுப்பு என்றார்.

கௌசிக்குக்கு இதுதான் சமயம் என்று பட்டுவிட்டது. தூணை விட்டு முன்னால் வந்தான். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஆள் வைத்ததே நான்தான் மாமா என்றான். குமரகுரு நிலைகுலைந்து போயிருந்தார். அவமானத்தில் இருக்கிற மனிதன் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான். நாள் குறித்தாயிற்று, சனம் கூடியிருக்கிறது, தட்டும் தயார், முறைப்பையனும் நிற்கிறான். அவர் கண் தட்டிலிருந்து கௌசிக்குக்குப் போனதை நான் பார்த்தேன். பந்தலில் இருந்த பாதிப் பேர் தலையாட்டவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு பள்ளத்திலிருந்து தூக்கி இன்னொன்றில் போட எங்கள் சனத்துக்கு ஒரு நிமிஷம் போதும்.

பிரீத்தி தட்டை எடுத்துத் தூரமாக நகர்த்தி வைத்தாள்.

“அவர் எங்கிட்ட பேரைப் பொய்யாச் சொன்னாரு. நீங்க அவருக்கு இல்லாத ஒரு பொண்டாட்டியையே பொய்யாச் சொன்னீங்க” என்று கௌசிக்கிடம் சொன்னாள். பிறகு கூட்டத்தில் கடைசி வரிசையில் சேலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த சௌந்திரத்தின் பக்கத்தில் போய் நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அனுப்பிச்சது ஆரா இருந்தாலும், இந்த அக்கா வந்து சொன்னது எனக்குங்கப்பா. எனக்கு எப்பக் கல்யாணம்னு நான் சொல்றேன். இனிமே மாப்பிள்ளை பாக்கறதுன்னா நீங்க காரை எடுத்துட்டுப் போகவேண்டாம். நானும் அக்காவும் போய் விசாரிச்சுக்கறோம்.”

குமரகுரு மகளைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையை அசைத்தார். அந்த மனிதர் அதைச் செய்ததற்காக அவருக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

இத்தனை வருடத்தில் சௌந்திரம் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறாள். அதில் ஒருத்தியும் சபையில் அவளைக் காட்டி இவள்தான் என்று சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் வீட்டு விஷயம் வெளியே வந்துவிடும், அதனால் நாங்களும் எதிர்பார்த்ததில்லை. அன்றைக்குப் பந்தல் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. அவள் தலை குனியவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நின்றிருந்தார், இன்னார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவரிடம், நான்தானுங்க அந்தம்மாவோட ஊட்டுக்காரர் என்றேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.